ஒயின் ஊற்றிய கை

அக்கா, இன்று காலை வீடுகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு போனைத் திறந்தேன். தமிழ்ச் சங்கத்துக் குரூப்பில் உங்களுக்குப் போட்ட அஞ்சலிப் படம் இன்னும் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. கீழே, சிறந்த குடும்பத்தலைவி, கோயில் தொண்டர் என்று எழுதியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே உங்கள் வலது கை இல்லை. வெட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். லிவர்மோரில் நீங்கள் வேலை பார்த்த ஒயினரியில், ஒயினை ருசி பார்க்கக் கொடுக்கும் கவுன்ட்டருக்குப் பின்னால், கறுப்பு ஏப்ரன் கட்டி நின்றீர்கள். எதிரே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ சொல்ல, பாட்டிலைச் சாய்த்தபடியே சிரித்தீர்கள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அம்மா சிரிக்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் மகள் கேட்டபோது அதைத்தான் அனுப்பினேன். அதை வைத்து அஞ்சலி தயார் செய்த மோகன் சார், பாட்டிலும் வேண்டாம், பாட்டிலைப் பிடித்த கையும் வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் விளக்கை ஒட்டிவிட்டார்.

போன் பண்ணிக் கேட்டேன்.

"ஃபேமிலியா எல்லாரும் பாக்கிற குரூப்பும்மா. ஒயின் பாட்டிலோட போட்டா அவங்களுக்குத்தான் மரியாதையா இருக்காது" என்றார்.

உங்கள் மரியாதையை அவர் காப்பாற்றுகிறாராம்.

நான் எட்டாவதோடு நின்றவள். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவள். பழத்தைப் பறித்தால் வேலை, கூடையில் வைத்து விற்றால் வியாபாரம், சாறு புளித்துப் பாட்டிலில் ஏறினால் மட்டும் அசிங்கமா? எனக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. படித்தவர்களுக்கு விளங்கியிருக்கும் போல.

உங்கள் வீட்டுக்காரர் இறந்து, மகளும் காலேஜுக்குப் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று அந்த வேலைக்குப் போனீர்கள். முதலில் பின்பக்கம் கிளாஸ் துடைத்தீர்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களைப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வர, அவர்களிடம் பேச ஆள் வேண்டும் என்று உங்களை முன்னால் நிறுத்தினார்கள். அப்புறம் எல்லோரும் உங்களையே தேடினார்கள்.

என்னை முதல்முறை அழைத்துப் போன நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. நம் ஃப்ரீமான்ட்டிலிருந்து மலையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கொடி. நான் எதிர்பார்த்தது எங்கள் கம்பத்துப் பந்தல். அங்கே கம்பியில் இடுப்புயரத்துக்குக் கட்டி வைத்திருந்தார்கள். கூழாங்கல் மண். வெயில் சுள்ளென்று அடித்தது. கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தீர்கள். நான் வீட்டில் தண்ணீர் குடிக்கிற மாதிரியே அண்ணாந்து, உதடு படாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"மோரா குடிக்கிற? வாய வெச்சுக் குடிடி. மூக்கு கிளாஸுக்குள்ள போகணும்."

"எச்சிலாயிடும்க்கா."

"உன் கிளாஸு, உன் எச்சில். யாரு பங்குக்கு வரப்போறா?"

மூக்கை உள்ளே விட்டேன். நாவல்பழம் சாப்பிட்ட வாய் மாதிரி ஒரு வாசனை. அது பெட்டீட் சிரா என்கிற சிவப்பு ஒயின், மை மாதிரிக் கறுப்பு. லிவர்மோருக்கு வந்தால் முதலில் அதைத்தான் குடித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். ஆனால் காரத்தோடு வேண்டாம், நாக்கு இன்னும் எரியும் என்பீர்கள். மீன் வறுவலுக்கு சாவின்யோன் பிளாங்க், புளிப்பு வெள்ளை. காரக்குழம்பே வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, லேசாக இனிக்கிற வெள்ளை ஒயின். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்து, மரத்தடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடும் குடும்பங்களைக்கூட விடமாட்டீர்கள். அதற்கும் ஒரு பாட்டில் சொல்வீர்கள்.

மோகன் சாரும் அவர் நண்பர்களும் சனிக்கிழமைகளில் வந்தார்கள். மாமனார் மாமியார் கூட இருந்தால் உங்களை யாரென்றே தெரியாது. பெரியவர்கள் வெளியே படம் எடுக்கப் போனதும் கவுன்ட்டர் பக்கம் சாய்ந்து, "நம்ம ஆளுதானே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பார்கள். குடித்துவிட்டு, இதெல்லாம் சுமார்தான், ஒயின் என்றால் பேர்போன நாப்பா போக வேண்டும் என்று பேச்சு வேறு.

"பேருக்குக் குடிக்கிறவங்க நாப்பா போகட்டும். வாய்க்குக் குடிக்கிறவங்க இங்க வரட்டும்" என்று என்னிடம் சொன்னீர்கள். அவர்களிடம் சொல்லவில்லை. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயிலில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தபோது மோகன் சாரின் மனைவி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "நின்னு நின்னு கால் வலிக்கும். நீங்க வாசல்ல உக்காந்து டோக்கன் குடுங்களேன்" என்றார். நாள் முழுக்க நின்றபடி ஒயின் ஊற்றுகிறவருக்குக் கால் வலிக்குமாம்! அந்தக் கை பிரசாதத்தில் படக்கூடாது என்பதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள். நீங்களும் எழுந்து போய் டோக்கன் கொடுத்தீர்கள். சிரித்த முகத்தோடு கொடுத்தீர்கள். காரில் நான் கத்தினேன். "விடுடி" என்றீர்கள். ஏன் விட வேண்டும்? இறந்துபோனவரிடம் சண்டை போடக்கூடாது என்பார்கள். நான் போடுகிறேன். ஏன் அக்கா விட்டீர்கள்?

புற்றுநோய் வந்து, கீமோவுக்குப் போய்வந்து சுருண்டு படுத்திருந்த நாளில் மோகன் சார் போன் செய்தார். உடம்பை விசாரித்தார். பிறகு தன் மகளின் கிராஜுவேஷன் பார்ட்டிக்கு ஊழியர் விலையில் ஒயின் கிடைக்குமா என்று கேட்டார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே என்ன சமையல் என்று கேட்டு, அதற்கு எது பொருந்தும் என்று சொல்லி, ஒயினரியிலும் பேசி ஏற்பாடு செய்தீர்கள். பார்ட்டிக்கு உங்களைக் கூப்பிடவில்லை. நல்ல ஒயின் என்று எல்லோரும் சொன்னதாக மட்டும் எனக்குத் தெரியவந்தது.

அந்த மனிதர்தான் உங்கள் நினைவுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

வெட்டாத படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டிப் பையில் எடுத்துப் போயிருந்தேன். வாசலிலேயே உங்கள் மகள் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, ப்ளீஸ். ஐ டோன்ட் வான்ட் எ சீன்" என்றாள். அழுது வீங்கிய முகம். அவளுக்காகப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அமைதியானவர் என்றார்கள். பக்தி என்றார்கள். "வீடே உலகம்னு வாழ்ந்தவங்க" என்று மோகன் சார் சொன்னதும் என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"அக்கா லிவர்மோர்ல வேலை பாத்தாங்க. ஒயின் ஊத்திக் குடுக்கிற வேலை. இங்க உக்காந்திருக்கிறதுல பாதிப் பேருக்கு அவங்க ஊத்தியிருக்காங்க."

"அம்மா, இதப் பேசுற இடமா இது?"

"கோயில்ல கூடாது. குரூப்ல கூடாது. வேற எங்க சார் பேசணும்? உங்க வீட்டுப் பார்ட்டிலயா?"

மோகன் சாரின் மனைவி தரையைப் பார்த்தார். பேச வேண்டியது இன்னும் இருந்தது. அப்போது உங்கள் மகள் எழுந்து வந்தாள். என்னை உட்காரச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். குனிந்து பையிலிருந்து படத்தை எடுத்தாள். மேடைக்குப் போய், விளக்கு ஒட்டிய படத்துக்கு முன்னால், அதை மறைத்து வைத்தாள். இங்கிலீஷைத் தவிர வேறெதிலும் பதில் சொல்லாத பிள்ளை, மைக்கை வாங்கித் தமிழில் பேசினாள்.

"எங்க அம்மாக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மோகன் சார் வீட்டில் என்னிடம் சாப்பாடு வாங்குவதில்லை. அவரைப் பார்த்து இன்னும் சில வீடுகள் நிறுத்திவிட்டன. என் வீட்டுக்காரருக்கு வருத்தம், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த இரண்டு பெண்கள், அந்த ஒயினரி எங்கே இருக்கிறது, ஒருநாள் கூட்டிப் போகிறீர்களா என்று கேட்டார்கள். அக்கா அங்கே உயிரோடு நின்றபோது போவதற்கென்ன என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பிறகு கூட்டிப் போனேன். எதைக் குடிக்க வேண்டும் என்று அங்கே நானே சொன்னேன்.

நீங்கள் விடு விடு என்று தள்ளிய கோபமெல்லாம் எங்கேயும் போகவில்லை அக்கா. என்னிடம்தான் இருக்கிறது. ஆறவில்லை. ஆற்றவும் எனக்கு எண்ணமில்லை. நேற்று மவ்ரி அவென்யூ கடையில் பீர்க்கங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாமி பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இறந்துபோன அந்தப் பொண்ணு நிஜமாகவே அந்த வேலைதான் பார்த்தாளா என்று என் காதுக்குள் கேட்டார்.

கடையில் நல்ல கூட்டம். குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.