பச்சைத் திராட்சையில் திருவிருந்து ரசம்

பிப். 26, வியாழன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விடைத்தாள் ஒரு கட்டு பாக்கி. இந்த ஞாயிறு கோயிலில் திருவிருந்துக்கு, ஆண்டவர் ரத்தமென்று கிண்ணத்தில் கொடுக்கிற திராட்சை ரசம் காய்ச்சுவது என் முறை. பச்சைத் திராட்சை மூன்று கிலோ வாங்கினேன். பழக்கடைக்காரர்: "டீச்சர், ரசத்துக்குக் கருப்புல்ல வாங்குவீக? இது தயிர்சோத்துல போடுறதுல்ல?" அவருக்கு என்ன வந்தது!

கேட்டால் கருப்பு கிடைக்கவில்லை என்று சொல்லணும். பொய்தான். தங்கை ஸ்டெல்லாவுக்காக. அவள் வீட்டுக்காரர் பட்டாசு ஆலை விபத்தில் போனதிலிருந்து, கிண்ணத்தில் சிவப்பைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறாள். பத்து மாதமாக இப்படித்தான். வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிவிட்டாள்.

பிப். 27, வெள்ளி

காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்தாச்சு. நிறம் நீர்த்த சுக்குத்தண்ணி. பெண்கள் சங்கத்துச் செயலர் சரோஜா அக்கா எட்டிப் பார்த்து: "ஏன் டீச்சர், ஆண்டவர் ரத்தம் இந்தக் கலர்லயா இருக்கும்?"

போதகர் ஐயாவிடம் போனில் கேட்டேன்: "திராட்சைதானம்மா? சில சபைகள்ல வெள்ளை ரசந்தான், துணியில கறை படாதுன்னு." நல்ல மனுஷன். சரோஜா அக்கா விடவில்லை. "அதெல்லாம் வெளிநாட்டுல. சிவகாசியில எடுபடாது."

பச்சைத் திராட்சைக்கு விதை கிடையாது, விலை மலிவு. பாயசத்துக் கிஸ்மிஸ் இதுதான், ஒயின்கூடப் போடுகிறார்கள். ஆனாலும் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்!

பிப். 28, சனி

மத்தியானம் பாட்டில்களைக் கோயிலில் கொடுத்தேன். சாயங்காலம் மணியடிக்கிற ஞானமுத்து அண்ணன் போன்: "டீச்சர், கவலய விடுங்க. ரெண்டு பீட்ரூட்ட வேகவச்சு அந்தத் தண்ணிய ஊத்திட்டேன். இப்பச் செக்கச்செவேல்னு இருக்கு!"

தலையில் அடித்துக்கொண்டேன். சந்தோஷமாகச் சொல்கிற மனுஷனை என்னவென்று திட்ட? காரணத்தையும் சொல்ல முடியாது. திரும்பக் கடை, இரண்டு கிலோ, திரும்ப அடுப்பு. விடைத்தாள் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

முதல் மணிக்கு முன்பே போய் ரசத்தை மாற்றிவிட்டேன். ஞானமுத்து அண்ணன் முகம் சுண்டிப்போச்சு. பாவம், என்ன செய்ய.

ஸ்டெல்லா கடைசி பெஞ்ச். எல்லாரும் எழுந்தபோது அவளும் எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். போச்சுடா என்று நினைத்தேன். அப்புறம் வரிசையில் வந்து நின்றாள். முழங்கால் போட்டாள். கிண்ணத்துக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தாள். "ஏக்கா, இம்புட்டுப் புளிப்பாவா காய்ச்சுவ? அடுத்த மாசம் நானே காய்ச்சுறேன்."