கடப்படியில் நின்ற டாங்கி

அம்மா,

இன்று பின்னேரம் மகளின் போனிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. பழங்காலத்து டிங் டிங் மெட்டு. எங்கேயும் கேட்ட நினைவில்லை. எட்டிப் பார்த்தேன். செங்கல் மதில்கள், குட்டி டாங்கிகள், கீழே மதிலுக்குள் அந்தப் பறவைச் சின்னம். நீங்களும் நானும் விளையாடித் தள்ளிய அதே விளையாட்டு. அதற்குப் பாட்டு உண்டென்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நாம் ஒருநாளும் சத்தம் வைத்து விளையாடவில்லையே.

போனுக்குள் ஒரு பொடியனின் குரலும் கேட்டது. "ஆர் மகள் அது?" என்றேன்.

"தெரியாப்பா. ஒன்லைன்ல வந்தவன். நல்லா விளையாடுறான்."

தெரியாதாம்! கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

சுனாமியில் தேற்றாத்தீவு வீட்டையும் அப்பாவையும் கடல் எடுத்த பிறகு, வாவிக்கரையில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தோம். நிவாரணக் காசில் தையல் மெசின் வாங்குவீர்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, நீங்கள் பழைய டிவி ஒன்றும் டிவி கேம் ஒன்றும் வாங்கி வந்தீர்கள். "உனக்கென்ன விசரா கா?" என்று மாமா குதித்தார். "அவன் உள்ளுக்க கிடக்கட்டும் அண்ணன்" என்றீர்கள். டியூசனுக்குப் போன பிள்ளைகள், கோயில் திருவிழாவுக்குப் போன பிள்ளைகள் சண்டைக்குப் பிடிபட்டுத் திரும்பி வராத காலம் அது.

சேர்ந்து விளையாட ஆள் தேடி வெளியே போய்விடுவேனோ என்று இரண்டாவது ரிமோட்டை நீங்களே பிடித்தீர்கள். சத்தம் மட்டும் கூடாது. "துவக்குச் சத்தம் கேட்டா றோட்டால போறவன் படுத்திருவான் மனே" என்று சிரிப்பீர்கள். கண்கள் மட்டும் வாசலிலேயே இருக்கும். உங்கள் டாங்கி ஒருநாளும் முன்னே போகாது. எதிரி சுட்டுவிட்டால் ஆட்டமே முடிந்துபோகும் அந்தப் பறவைச் சின்னத்துக்கு முன்னால் போய் நின்றால் நின்றதுதான். "நீ சுத்திட்டு வா, நான் கடப்படில நிக்கிறன்" என்பீர்கள், ஏதோ நம் வளவு வாசலில் நிற்பதுபோல.

"இப்பிடி நிண்டா எப்பம்மா வெல்லுற?"

"வெண்டு என்ன செய்ய? வீடு கிடந்தா அதுவே காணும்."

ஆள் பிடிக்க அவர்கள் வந்த அன்றும் விளையாடிக்கொண்டுதான் இருந்தோம். கடப்படியில் மோட்டார் சைக்கிள் நின்றதும் என்னை நெல் மூட்டை அறைக்குள் தள்ளினீர்கள். மூட்டை இடுக்கால் எல்லாம் தெரிந்தது. உள்ளே வந்தவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், அவ்வளவுதான். பூனை மீசை, தோளில் துவக்கு. மற்றவன் வெளியே நின்றான்.

"மகன் எங்க?"

"தகப்பனோட அவனையும் கடல் கொண்டு போயிட்டு."

அம்மா, அந்த வார்த்தையைக் கேட்டபோது நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவன் டிவியைப் பார்த்தான். "அப்ப ஆர் விளையாடுற?"

"நான்தான். அவன்ட ஆசைக்கு வாங்கிக் குடுக்க ஏலாமப் போயிட்டு." பாயில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தீர்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தினான். "அம்மா, அங்கால கிறுகுங்க, பின்னால வாறான்!" என்றான். நீங்கள் டாங்கியைத் திருப்பிச் சுட்டீர்கள். அவன் கைதட்டிச் சிரித்தான். வெளியே நின்றவன் கூப்பிட்டதும் முகம் சுருங்கி, துவக்கை எடுத்துக்கொண்டு போனான்.

மூட்டைக்குப் பின்னாலிருந்து என்னை இழுத்துக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். எனக்காகத்தான் என்று நினைத்தேன். "இவன்ட தாய் எங்க இருக்காவோ" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நிம்மதியே இல்லை. சொன்ன சொல் பலித்துவிடும் என்று பயம். கண்ணகை அம்மன் கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்டீர்கள். கடல் பக்கம் என்னைத் திரும்பியும் பார்க்க விடவில்லை. சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்ன அன்று, "இனிச் சத்தத்தக் கூட்டட்டா?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளைக்குப் பொறு மனே" என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் டிவி பழுதாகிவிட்டது. இப்போது நீங்களும் இல்லை.

இன்று போனுக்குள் அந்தப் பொடியன் கத்தினான்: "பின்னால வாறான், கிறுகு கிறுகு!" மகள் திரும்பிச் சுட்டுவிட்டுச் சிரித்தாள். போனைப் பறிக்கப் போன என் கை பாதியில் நின்றது. குனிந்து, "தம்பி, உங்கட அம்மா எங்க?" என்று கேட்டேன். மகள் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இஞ்சதான் அங்கிள், குசினிக்க சமைச்சிட்டு நிக்கிறாங்க" என்றான் பொடியன்.

"நல்லது மனே, விளையாடுங்க" என்றேன். ஆனாலும் அம்மா, கதவடியை விட்டு நான் நகரவில்லை.