பகடைகளுக்கு ஒரு பை

மார்ச் 2, ஞாயிறு

மெக்கானிக் அண்ணன் பணிமனைக் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கிறார். பிளேட் வைத்தாயிற்று. எழுந்து நடமாட மாதங்கள் ஆகுமாம். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆக, நாங்கள் நாலு பேரும் ஆடும் ஞாயிற்றுக்கிழமைப் பகடை ஆட்டம் இனி இங்கே இல்லை. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா என்று எங்களோடு ஆடுகிற கணக்கு டீச்சர் கேட்டாள். “அவரு வர முடியலைன்னா ஆட்டம் அவர்கிட்ட போகட்டும்” என்றான் என் தம்பி.

சொல்வது சுலபம். தூக்கப்போவது நான்.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். செங்கல் கனத்தில் மூன்று விதிப் புத்தகங்கள். கட்டம் போட்ட துணி வரைபடம். பகடை டப்பா. கட்டைவிரல் உயரப் பொம்மைகள் — ஒவ்வொன்றுக்கும் நானே வண்ணம் தீட்டியது. ஆட்டத்தில் கதை சொல்கிற நான் என் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் அட்டைத் தடுப்பு. இத்தனையும் எதில் போகும்?

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு துணிப்பைகளில் போயின. போயின என்று எப்படிச் சொல்வது — இரண்டாம் மாடியிலேயே ஒன்றின் காது அறுந்தது. பகடைகள் படிப்படியாகக் குதித்து இறங்கின. கீழ்வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னங்க இது, இத்தனை பக்கம் இருக்கு?”

அண்ணனுடைய பொம்மைக்குக் கை ஒடிந்துவிட்டது. தயங்கித் தயங்கித்தான் காட்டினேன். “எனக்குக் கால், அவனுக்குக் கை. ஜோடி சேந்தாச்சு” என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

பைக் கடைக்குப் போனேன். எதை வைப்பதற்கு என்று கடைக்காரர் கேட்டார்.

“விளையாட்டுச் சாமான்.”

“கிரிக்கெட்டுங்களா?”

“உக்காந்து ஆடறது. ஒருத்தர் கதை சொல்லுவாங்க. மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம் — திருடன், வீரன், வைத்தியர்னு. ஜெயிக்கறாங்களா இல்லையான்னு பகடை உருட்டிப் பாப்போம்.”

அவர் யோசித்தார். “கதைக்கு எதுக்குங்க பை?”

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி தன் மலையேறும் பையைக் கொடுத்தான். எல்லாம் அடங்கியது. ஆனால் புத்தக முனை முதுகெலும்பில் குத்த, பேருந்தில் நின்றுகொண்டே போனேன். திரும்பும்போது இடது தோளில் ஒரு சுளீர்.

மார்ச் 17, திங்கள்

தலை வார முடியவில்லை.

மார்ச் 19, புதன்

மற்றவர்களின் எலும்பை எக்ஸ்ரே படம் பிடிப்பது என் தொழில். இன்று என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, “மூச்சை இழுங்க… பிடிங்க” என்றாள் கூட வேலை செய்கிறவள். இதைத் தினமும் எத்தனை பேரிடம் சொல்கிறேன். கேட்க இப்படியா இருக்கும்?

எலும்பு பத்திரம். தசைநார்தான் வீங்கியிருக்கிறதாம். “தோள்ல எதையும் மாட்டக் கூடாது. ஹேண்ட்பேக் உள்பட” என்றார் டாக்டர். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தம்பி ஆட்டத்தையே நிறுத்து என்பான்.

மார்ச் 23, ஞாயிறு

சக்கரம் வைத்த பெட்டி. தெருவில் சரி. மாடிப்படியில்? வலது கையால் ஒவ்வொரு படியாக இறக்கினேன். தெருமுனையில் தம்பி பார்த்துவிட்டு, “ஓடிப்போறியாக்கா?” என்று கேட்டான்.

அண்ணன் வீட்டில் நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அண்ணி, அதாவது மெக்கானிக்கின் மனைவி, கவனித்துவிட்டார். ஆட்டத்தில் சேராதவர், ஆனால் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. “இதையெல்லாம் ஏன் காவடி மாதிரி தூக்கிட்டு அலையறே? அலமாரியில ஒரு தட்டு காலியா இருக்கு. வச்சுட்டுப் போ.”

வேண்டாம் என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டேன் போல. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன் வேண்டாம்? வார நாட்களில் அதைத் தொடுவதுகூட இல்லை. இருந்தாலும் என் வீட்டில் இருக்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் தன் பணிமனைக் கருவிப் பை ஒன்றைக் கொடுத்தார். அகன்ற வாய், தட்டையான அடி, உள்ளே வரிசையாகச் சிறு அறைகள். பொம்மைகள் அதில் நின்றபடியே பயணம் செய்யும். கையில் தூக்கலாம், தோளுக்கு வேலையில்லை. இதுதான் பை. ஆனால் புத்தகங்கள் நுழையவில்லை.

வேறு வழியில்லாமல் மூன்றையும் அவர் வீட்டில் விட்டு வந்தேன். பத்திரமாக வைக்கச் சொல்லி வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அசடு.

ஏப்ரல் 4, வெள்ளி

அண்ணியிடமிருந்து போன். “சோறு கூட அந்தப் புத்தகத்தைப் பாத்துக்கிட்டேதான் திங்கறார். ஓரத்துல பென்சில்ல என்னென்னவோ எழுதறார்.”

எழுதறாரா? யாரைக் கேட்டு? நான் ஒரு கோடு போட்டதில்ல அதுல. மூலை மடிக்கக்கூட மனசு வராது எனக்கு. அதுக்குத்தான் சொன்னேன் வேண்டாம்னு — ஆனா எழுதாதீங்கன்னு சொன்னேனா? சொல்லலை. வச்சுட்டு வந்தது நான்தானே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிடுவது என்று சீக்கிரமே போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே தலையணைக்கடியிலிருந்து தாள்களை எடுத்தார். பூமிக்கடியில் ஒரு நகரம். அதன் தெருக்கள் இரவில் இடம் மாறுமாம். சுரங்கங்கள், பாலங்கள், தண்ணீர் வரும் வழி எல்லாம் வரைந்திருந்தார்.

“படுத்தே கிடந்தா பைத்தியம் பிடிக்குது. அதான் ஒரு கதை யோசிச்சேன்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, “இத்தனை வருஷமா எங்களுக்கு நீயே சொல்லிட்டிருக்கே. நீ ஆடி ஒரு நாளும் பாக்கலை. ஒரு தடவை நான் சொல்றேனே. நல்லா இல்லைன்னா நிறுத்திடலாம்.”

பென்சில் விஷயம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எதற்கு யோசனை? சரி, உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். கதை சொல்வதால்தான் இவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். அதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று கூப்பிடுவார்கள்?

தம்பியிடம் தோள் வலியைச் சொன்னேன். இதையும் சொன்னேன். “எனக்குத் தெரிஞ்சு நீ வர்றதுக்காகத்தான்க்கா கூப்பிடறோம்” என்றான். சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏப்ரல் 12, சனி

கருவிப் பையில் பொம்மைகள், துணி வரைபடம், அட்டைத் தடுப்பு. இந்த முறை அண்ணனே கதை சொல்லட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லி, தம்பி கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்தான். துடைத்து வைத்த அலமாரித் தட்டு இன்னும் காலியாகவே இருந்ததாம்.

எனக்கென்று ஒரு சின்ன ஜிப் பை வாங்கினேன். ஒரு கை பகடை, ஒரு பென்சில். அவ்வளவுதான் அடங்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணன் சக்கர நாற்காலியில், தடுப்புக்குப் பின்னால். தொடங்கும்போதே விதி ஒன்றைத் தப்பாகச் சொன்னார். திருத்த வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி சமையலறை வாசலிலேயே நின்று கேட்டார். பாதியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதையில் நான் பூட்டுத் திறப்பவள். சுரங்கத்தின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. “உள்ள யாரோ தட்டற சத்தம்” என்றார் அண்ணன். “என்ன பண்றே?”

இதுவரை எங்கள் ஆட்டத்தில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அங்கே வைத்தவளே நான்தான். இன்று தெரியவில்லை. டீச்சர் திரும்பிவிடலாம் என்றாள். “தொடாதேக்கா” என்றான் தம்பி.

திறந்தேன்.