பதினாறில் உடைகிற பலூன்

ஜூன் 9, திங்கள்

விடியலில் தூறல். வானிலை ஆபீஸ் ஜீப் நாலு மணிக்கே புனே ஹடப்சர் வீட்டு வாசலில் ஹாரன். காலைப் பலூன் என்னுடையது. ஹைட்ரஜன் நிரப்பி, அடியில் காற்றை அளக்கும் கருவியைக் கட்டி விட்டேன். பார்க்க அழகாக ஏறியது. பதினாறு கிலோமீட்டரில் உடைந்தது.

சாயங்காலப் பலூன் பேச்சியம்மாளுடையது. முப்பத்தொன்று.

பலகையில் பக்கத்தில் பக்கத்தில்: சரோஜா 16, பேச்சி 31. எழுதியது குல்கர்ணி சார். என் எண்ணைக் கொஞ்சம் சின்னதாக எழுதியிருக்கலாம்.

"சரோஜாபாய், பிர் ஸோலா?" என்றார். மறுபடியும் பதினாறா என்று.

"என் வயசும் அதுலயே நின்னிருந்தா நல்லாருக்கும் சார்" என்றேன் என் ஓட்டை ஹிந்தியில். பலூன் ஷெட் முழுக்கச் சிரித்தது. நானும்.

பெரிய செய்தி: கோவாவிலிருந்து ஆராய்ச்சிக் கப்பல். நாற்பது நாள். நடுக்கடலில் தினம் ரெண்டு பலூன். நிரப்பி விட ஒரு ஆள் வேண்டும், நானோ பேச்சியோ. சனிக்கிழமை யார் பலூன் அதிகம் ஏறுகிறதோ அவர் போகலாம் என்று சார் சொல்லிவிட்டார். எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி. கடலை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றும் கரையில் நின்று.

ஜூன் 10, செவ்வாய்

மழை. இன்றும் 16. பே. 30. ஏன் எப்போதும் அங்கேயே உடைகிறது என்று சாரைக் கேட்டேன். சொன்னதில் மனதில் நின்றது:

கீழ் அடுக்கு. நாம், மேகம், மழை எல்லாம் இதில். மேலே போகப் போகக் குளிர்.
பதினாறு பதினேழில் அது முடிகிற எல்லை. மைனஸ் எண்பது வரை போகுமாம். ரப்பர் விறைத்துவிடும்.
ரெண்டாம் அடுக்கு. மழை கிடையாது. ஓசோன் வெயிலை வாங்கிக்கொள்வதால் மறுபடி மெல்லச் சூடு. பே.யின் பலூன் உலாவுவது இங்கேதான்.
மூன்றாம் அடுக்கு. எரிகற்கள் எரியுமிடம்.
அதற்கும் மேலே இன்னும் இருக்கிறது. அங்கே பே. பலூனும் போகாது. நிம்மதி.

காற்றின் கலவை மேலேயும் இதேதானாம். நாலு பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு ஆக்ஸிஜன், மற்றதெல்லாம் துளித்துளி. ஆனால் அளவு குறைந்துகொண்டே போகும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை மாதிரி: அதே சாம்பார்தான், இலைக்கு ரெண்டு சொட்டு.

ஜூன் 11, புதன்

காரணம் கண்டுபிடித்தேன். விடியலில் ரப்பருக்கு வெயில் இல்லை. சாயங்காலம் இருக்கிறது. ஷிப்ட்தான் கோளாறு. பேச்சியிடம் கேட்டேன்.

"மாத்திக்கிடுவோம்க்கா. நான் சாயங்காலம் வீட்ல இருந்தா பிள்ளையளுக்கும் நல்லதுதான்."

ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் மனசுக்குள் திட்டவாவது வழி இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

பே. காலையில் 29. நான் சாயங்காலம், நல்ல வெயிலில், 18.

அவளிடம் எனக்குப் பிடிக்காதவை: முடி இடுப்புக்குக் கீழே. ஹைட்ரஜன் அறைக்குப் பருத்திப் புடவைதான் கட்டலாம் என்பது விதி. அந்தப் பருத்தியும் அவளுக்கு மட்டும் கசங்குவதில்லை. சார் அவளைப் 'பேச்சிஜி' என்கிறார். நான் வெறும் சரோஜாபாய். ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புருஷன் லீவு நாளில் அவளுக்குத் துணி துவைத்துத் தருகிறானாம். அதையும் சாதாரணமாகச் சொல்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

சும்மா வந்ததுபோல விடியலிலேயே போய் அவள் நிரப்புவதைப் பார்த்தேன். பலூன் வாயில் ஓர் இரும்பு எடை தொங்கும். பலூன் அதைத் தூக்கியதும் வால்வை மூட வேண்டும். ஆளுக்கொரு எடை. அவள் தூக்கிய கணமே மூடினாள். பலூன் தொளதொளவென்று, பாதி காலியான அரிசி மூட்டை மாதிரி. நான் அதற்கப்புறமும் கொஞ்சம் விடுவேன். வழிக்கு. என் வீட்டிலிருந்து யாரையும் அரை வயிற்றோடு அனுப்பியதில்லை.

"என்னாடி, பலூனுக்குப் பத்தியச் சாப்பாடா?"

"மேல போகப் போக வெளிக்காத்து கொறையும்லாக்கா, உள்ள உள்ளது தானா விரியும். கீழயே நெறச்சுட்டா விரிய எடம் எங்க? போன வருசமே சொன்னம்லா. நீங்கதான் வந்துட்டா டீச்சரம்மான்னு சிரிச்சிய."

சிரித்தேன்தான்.

சாயங்காலம் எடை தூக்கியதும் மூடினேன். 32. பே. காலையில் 30.

சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரும் கிளம்பியதும் அவள் எடையின் அடியில் ஒரு கனத்த நட்டை மாட்டினேன். எடை கூடினால் பலூன் அதைத் தூக்குவதற்குள் உள்ளே வாயு அதிகம் ஏறிவிடும்.

ஜூன் 14, சனி

மேகம் இல்லை. பே. 16.

"எங் கையிலதான் என்னமோ கோளாறுக்கா" என்றாள். டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில் நட்டைக் கழற்றிவிட்டேன்.

சாயங்காலம் நான் 33. "சரோஜாபாய் ஜாயேகி" என்றார் சார். நான்தான் போவேன் என்று. முதலில் கை தட்டியது பேச்சி.

"வாந்தி வந்தா எலுமிச்சங்காய மோந்து பாருங்கக்கா. நாலஞ்சு எடுத்துட்டுப் போங்க."

ஜூன் 15, ஞாயிறு

லீவு. வெயில். பெட்டியைத் தூசி தட்டினேன். கப்பல் கிடைத்தும் வயிறு எரிகிறது. நட்டு இல்லாமல் அவள் விட்டிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும்? 29? 35? இனி யாருக்கும் தெரியாது. எவ்வளவு என்றே தெரியாத ஒன்றை நினைத்துப் பொறாமைப்படுவது பெரிய பாடு.

ஜூன் 16, திங்கள்

டீ வேளையில் சொன்னேன். "பேச்சி, சனிக்கிழமை உன் எடையில நட்டு மாட்டுனது நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "கப்பல் கெடச்சதும் அக்காவுக்கு கொழுப்பப் பாரேன்" என்றாள் பேச்சி. மறுபடி சொன்னேன். அதற்கும் சிரிப்பு. மூன்றாவது தடவை அவள் என் முகத்தைப் பார்த்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக்கா?"

"பொறாமைதான். வேற என்ன?"

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "சார்ட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய் சொல்லுங்க."

சொன்னேன். மெமோ கிடைத்தது. நாளை சாயங்காலம் பே. மறுபடி விட வேண்டும். 33 தாண்டினால் கப்பல் அவளுக்கு.

ஜூன் 17, செவ்வாய்

பலத்த காற்று. பலூனை வெளியே கொண்டுவர ரெண்டு பேர் வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கருவியைப் பிடித்துக்கொண்டேன். விலகச் சொல்லவில்லை. "ம்" என்றாள். விட்டோம்.

அப்புறம் உயரம் காட்டும் கம்ப்யூட்டர் திரை முன்னால் ரெண்டு பேரும். பதினாறு தாண்டியது. 20. 27. நடுவில் அவள் பையிலிருந்து ஒரு பிடி வேர்க்கடலை என் கையில் கொட்டினாள், முகத்தைப் பார்க்காமல். 31. 32. உடைந்துவிடு என்று ஒரு தடவை நினைத்தேன், மறைக்கவில்லை. 33.

34இல் உடைந்தது.

பேச்சி கோவா போகிறாள். வயிறு எரிகிறது. ஆனால் இப்போது கணக்குத் தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் எரிந்தால் போதும்.