மீனாட்சியின் நாலாவது புள்ளி

1954 பிப்ரவரி 8, திங்கள்

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கரமனை பஸ்ஸில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி ஒப்பேற்றினேன்.

வானாராய்ச்சி ஆபீசில் அதைவிட மோசம். மீனாட்சி கண்டுபிடித்துவிட்டாளாம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஒரே கண்ணாடித் தட்டில் ஐந்து தரம், கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வானத்தைப் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு நட்சத்திரமும் ஐந்து புள்ளியாக வரிசை கட்டி நிற்கும். நான் மூன்று வருஷமாக லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், எல்லாம் ஒரே அளவுப் புள்ளி. அவளுடையதில் நாலாவது மட்டும் கொழுத்திருக்கிறது. அந்த நட்சத்திரம் சட்டென்று பொங்கி அடங்கியிருக்கிறது.

மிருகசீரிஷத் தட்டுகளை அடுக்கிய பெட்டியில்தான். என் பெட்டி! அந்த இடமெல்லாம் புகை படர்ந்த மாதிரி மங்கல், கண் எரிகிறது என்று பொங்கலுக்கு முன்னால் நானே அவள் தலையில் கட்டினேன். பதிலுக்கு ரோகிணிப் பெட்டி. சமர்த்து.

9, செவ்வாய்

காப்பிப்பொடி. ஊக்கு. செருப்பு தைக்க.

மன்னி சமையலறையிலிருந்து அண்ணாவிடம்: "அந்த மீனாட்சி பேர் பேப்பர்ல வருமாம். கெட்டிக்காரியாக்கும்." எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

தட்டின் மருந்துப் பூச்சில் தூசி இருந்தாலும் புள்ளி கொழுத்துத் தெரியும். வெளிநாட்டுக்கு எழுதுமுன் இன்னொருத்தர் பார்க்க வேண்டுமாம். டைரக்டர் "விசாலம் நோக்கட்டே" என்று மலையாளத்தில் என்னைக் காட்டிவிட்டு, தட்டை என் மேசையில் வைத்துவிட்டார். நான் தூசி என்றால் கதை முடிந்தது.

தூசியாக இருக்கட்டும், ஈஸ்வரா.

10, புதன்

மேகம். புழுக்கம்.

நாலாவது தரம் எடுக்கும்போது தொலைநோக்கி லேசாக இழுத்திருக்கிறது. அதனால் எல்லா நட்சத்திரத்துக்கும் நாலாவது புள்ளியில் இடப்பக்கம் சின்ன வால். தூசிக்கு வால் வராது. அவள் புள்ளியைப் பார்த்தேன். இருக்கிறது, பாழாய்ப்போன வால். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

டைரக்டர் வந்து பக்கத்தில் நின்றார். தூசி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. "நட்சத்திரம்தான் சார்" என்றேன். மீனாட்சிக்கு அழுகை. எனக்கும்தான், வலியசாலை வீட்டுக்குத் திரும்பிய பிறகு.

11, வியாழன்

ரோகிணிப் பெட்டி முழுக்க மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை.

12, வெள்ளி

செருப்பு தைத்தாயிற்று.

தட்டை என்னிடம் கொடுக்கச் சொன்னதே மீனாட்சிதானாம். விசாலத்துக்குப் பொய் வராது என்றாளாம். கண்டாள் இவள்! கண்டுபிடித்ததும் போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

சாயங்காலம் மிருகசீரிஷப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உன் பெட்டிதானேடி, நீயே வெச்சுக்கோ. எனக்கு இந்த ஒரு நட்சத்திரம் போறும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாங்கிக்கொண்டேன்.