மயில் வைத்த கட்டில்

மண்ணூர்பேட்டை
8-8-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

நானும் வேம்புலி அக்காவும் சுகம். உன் உடம்பு தேறிவருவதாக ஆரோக்கியம்மாள் டீச்சரை பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். பூந்தமல்லி எட்டி நடந்தால் வரும் ஊர். அதற்கு ஒரு இன்லண்டு லெட்டர்!

டீச்சர் இன்னொன்றும் சொன்னார்கள். ஹாஸ்டல் வார்டன் அம்மா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம், அந்த வேலைக்கு உன்னைக் கேட்டிருக்கிறார்களாம், ஒப்புக்கொண்டால் அங்கேயே தங்கவேண்டுமாம். சொந்த வீடு இருக்கிறவளுக்கு ஹாஸ்டலில் என்ன வேலை? ஆபரேஷன் ஆன உடம்பு, தினமும் பஸ்ஸில் குலுங்கவேண்டாம் என்றுதானே பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே தங்கப் போனாய். இப்போது ஆறியிருக்கும். ஆயுத பூஜைக்குள் வந்துவிடு.

வந்தால் நம் ஹாலை உனக்கு அடையாளம் தெரியாது. மூர் மார்க்கெட்டில் வெள்ளைக்காரர் வீடுகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஒவ்வொரு அறையும் எப்படி இருக்கவேண்டும் என்று கலர் படம் போட்டிருக்கிறது. எழுத்தைப் படிக்க நீ இல்லை, படத்தைப் பார்த்தே வேலையை ஆரம்பித்துவிட்டேன். மேற்குச் சுவரின் நடுவில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல்லில் ஒரு மாடம், மேலே மொசைக் பலகை. பலகைமேல் கடிகாரம், இரண்டு பீங்கான் நாய்கள். மாடத்துக்குள் ரேடியோ. மேஸ்திரி லட்சுமணன், "இன்னா நைனா, ஊட்டுக்குள்ள சூளை போட்டுகினு கீற?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அம்பத்தூரிலேயே இப்படி ஒரு ஹால் கிடையாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
கன்னியப்பன்


பூந்தமல்லி
12-8-1971

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. உடம்பு பரவாயில்லை.

நீங்கள் கட்டியிருப்பதற்குக் கணப்பு என்று பெயர். குளிர் நாட்டில் அதில் விறகு போட்டு எரித்து, முன்னால் உட்கார்ந்து குளிர்காய்வார்கள். புகை வெளியே போக மேலே வழி வைத்திருப்பார்கள். ஆடி மாதத்திலும் செருப்பில் தார் ஒட்டிக்கொள்ளும் மண்ணூர்பேட்டையில் ஒரு மனிதர் கணப்பு கட்டி, அதற்குள் ரேடியோவை உட்காரவைத்திருக்கிறார். வகுப்பில் சொன்னால் பெண்கள் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். சொல்லவில்லை. அவர் யார் என்று கேட்பார்கள்.

முன்பெல்லாம் படத்துக்குக் கீழே இருப்பதை நான் படித்துச் சொல்வேன். பாதியிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். படத்தில் நாய் படுத்திருந்தால் பீங்கானில் நாய் வாங்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்தால், பனி பெய்கிற சீனரி வாங்கிச் சுவரில் ஒட்டவேண்டும். பிறகு யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும். அந்த அறையில் யார் இருக்கிறார்கள், எதற்காக இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிரில் கேட்டும் பீரோவும் செய்கிற பட்டறைக்காரருக்கு வீடும் ஒரு சரக்குதான் போலிருக்கிறது.

வார்டன் வேலைக்குக் கேட்டது உண்மை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதிவரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உங்களிடமிருந்து ஏதோ ஒரு வரி வரும் என்று எதிர்பார்க்கிறேன் போலிருக்கிறது. அது ஹாலைப் பற்றிய வரி இல்லை.

நாகவல்லி


மண்ணூர்பேட்டை
29-8-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

சதுர்த்திக்கு வருவாய் என்று அக்கா கொழுக்கட்டைக்கு நிறையவே மாவு பிசைந்துவிட்டாள். பட்டறைப் பையன்கள் தின்று தீர்த்தார்கள்.

கணப்பு விஷயம் எழுதியதற்குச் சந்தோஷம். இந்த ஏரியாவில் யாருக்கும் அது தெரியாது. ரேடியோவை எடுத்துவிட்டு, உள்ளே சிவப்பு பல்பு ஒன்று போட்டேன். இப்போது அசல் நெருப்பு மாதிரியே இருக்கிறது. நீ சொல்லித்தான் செய்தேன்.

ஹால் உனக்குப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பெண்களுக்குச் சமையலறைதானே முக்கியம்? அதனால் அதை முழுக்க இடித்துவிட்டேன். நின்றுகொண்டே சமைக்க மேடை, அதன் கீழே சன்மைக்கா ஒட்டிய அலமாரி, சாப்பிடும் இடத்தில் நீல வாஷ்பேசின். அக்காதான் மேடையைப் பார்த்துவிட்டு, "நின்னுகினே சோறாக்க நான் இன்னா ஓட்டல் மாஸ்டரா? போடா டேய்!" என்று ஸ்டவ்வைத் தரையில் இறக்கிவைத்துக்கொண்டாள். மேடைமேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருக்கிறாள். பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

தங்கவேலின் அறையை விருந்தாளி அறையாக்கிவிட்டேன். வாசலில் மணி கோத்த திரை போட்டிருக்கிறது. பிலாயிலிருந்து லீவில் வந்தால் நான் எங்கே படுப்பது என்று உன் பிள்ளை எழுதியிருக்கிறான். வரும்போது அவனும் ஒரு விருந்தாளிதானே என்று பதில் போட்டேன்.

இன்னும் என்ன குறை என்று எழுது, செய்துவிடலாம்.

உன்,
கன்னியப்பன்


பூந்தமல்லி
2-9-1971

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சுருக்கமாக எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். வாஷ்பேசின் நீலம் என்று படித்ததும் முடியவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்பு ஊதி, பிறகு பள்ளிக்கூடம் போய் நின்றுகொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு மேடை கட்டித்தாருங்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். "எங்க அம்மா இன்னா மேட மேலயா ஆக்குச்சு?" என்றீர்கள். இப்போது ஒரு வெள்ளைக்காரி மேடை முன்னால் நின்று சிரிப்பதைப் பார்த்ததும் கட்டிவிட்டீர்கள். நான் வாயால் கேட்டதற்குப் பதிலாகக் கலரில் வரைந்து கேட்டிருக்கவேண்டும்.

பெற்ற பிள்ளை விருந்தாளி. அதை நீங்கள் வேடிக்கைக்காகக்கூட எழுதவில்லை, நம்பித்தான் எழுதுகிறீர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களை இப்படி எழுதும்போது என் கை ஓடுகிறது. எழுதி முடித்த பிறகு நன்றாக இருப்பதில்லை. ஏளனம் செய்ய இவ்வளவு சுலபமான ஆளோடு இத்தனை வருஷம் ஏன் எதிர்த்துப் பேசாமல் இருந்தேன் என்று தோன்றுகிறது.

குறை என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஹால் எழுதினீர்கள், சமையலறை எழுதினீர்கள், குழாயடிவரை எழுதுவீர்கள். ஒரு அறையை மட்டும் தாண்டிப் போகிறீர்கள். வீட்டைவிட்டுப் புறப்பட்டது நான் எந்த அறையிலிருந்து?

நாகவல்லி


மண்ணூர்பேட்டை
12-9-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். படுக்கையறையைத்தான் சொல்கிறாய் என்று அவள்தான் சொன்னாள். நான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், நீ அவசரப்பட்டுவிட்டாய். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு ரோஸ் டிஸ்டெம்பர் அடித்தாகிவிட்டது. ஆள் உயரக் கண்ணாடி வருகிறது. கட்டிலை மட்டும் மாற்றவில்லை. தலைமாட்டில் மயில் வைத்து நானே வெல்டு அடித்த கட்டில். அதைப்போல இன்னொன்று என்னாலேயே செய்யமுடியாது.

அக்கா இன்னொன்று சொன்னாள். "அன்னிக்கு அந்த ஆபீசரையும் பொஞ்சாதியையும் ரூமுக்குள்ள இட்டாந்து நின்ன பாரு, அதுக்குத்தான்டா அவ பூட்டா. உனுக்கு மண்டைல இன்னா கீது?" என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று என்ன தப்பு நடந்தது? அவர்கள் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லையே. "உங்க மிஸஸ் எவ்வளவு மரியாதை" என்று அந்த அம்மா வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்கள். அந்தக் கட்டிலைப் பார்த்துத்தான் அவர்கள் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் ஆர்டரே எனக்குக் கிடைத்தது. உன்னால் வந்த ஆர்டர் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

மனதில் இருப்பதை நேராக எழுது. எனக்குச் சுற்றிவளைத்தால் புரியாது.

உன்,
கன்னியப்பன்


பூந்தமல்லி
15-9-1971

மாமாவுக்கு,

நேராக எழுதுகிறேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அது. வயிற்றில் கட்டு. தலை வாரவில்லை. பழைய புடவை. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. ஹாலில் நீங்கள் சீனரியைக் காட்டுவதும், சமையலறையைத் தாண்டிவிட்டு இந்தப் பக்கம் வருவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்த எழுந்து போக முடியாது. இங்கே வரமாட்டார் என்று நினைத்தேன். திரை விலகியது. "நாகு, கொஞ்சம் எய்ந்துக்கோ, கட்டில பாக்கணுமாம்" என்றீர்கள்.

எழுந்தேன். பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாங்க" என்றுகூடச் சொன்னேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மெத்தையைக் காட்ட விரிப்பை இழுத்தீர்கள். விரிப்பில் கறை இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று மடித்து உள்ளே தள்ளினீர்கள். அதாவது, பார்த்தீர்கள். தெரியாமல் செய்தார், ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று உங்களுக்காக நானே சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அந்த மடிப்பால்தான்.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார். "சத்தமே வரலையே!" என்றார். நீங்கள் மயிலின் கழுத்தைத் தட்டி, வளைத்தது எப்படி என்று விளக்கினீர்கள். பிறகு குளியலறையைப் பார்க்கப் போனீர்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்து படுத்துக்கொள் என்று யாராவது சொல்வார்கள் என்று நின்றேன். கார் போகிற சத்தம் கேட்டது. வேம்புலி அண்ணி வந்துதான் படுக்கவைத்தார்.

உங்கள் கணப்பும் பீங்கான் நாயும் என்னை விரட்டவில்லை. அசட்டுத்தனத்தோடு குடும்பம் நடத்தலாம், நடத்தியிருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். அறைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் எழுதுங்கள்.

நாகவல்லி


மண்ணூர்பேட்டை
19-9-1971

அன்புள்ள நாகவல்லிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உன்னை அவமானப்படுத்தவேண்டும் என்று கனவிலும் நினைத்தவன் இல்லை நான். நீ படுக்கத்தானே அந்தக் கட்டிலைச் செய்தேன். வேறு யாருக்காக?

கறையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த மெத்தையை அப்போதே தூக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது போட்டிருப்பது ரெக்சின் உறை தைத்தது. எது பட்டாலும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். மெரூன் கலர், ரோஸ் சுவருக்கு எடுப்பாக இருக்கிறது. இதை உனக்காகத்தான் செய்தேன் என்பதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நீ படுத்திருக்கும்போது யாரையும் உள்ளே அழைத்து வரமாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுவேன். நீ அக்கா அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் வந்துவிடலாம். இது நியாயம்தானே? அக்காவிடம் இதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அவளுக்கு வயதாகிவிட்டது.

ஆயுத பூஜையன்று அந்த ஆபீசர் தன் மேனேஜரோடு வருகிறார், முழு வீட்டையும் பார்க்க. நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றால் போதும். ஒரு வேலையும் செய்யவேண்டாம். வீட்டுக்கு அதுதான் அழகு. செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு.

உன்,
கன்னியப்பன்


பூந்தமல்லி
23-9-1971

மாமாவுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. ரெக்சின் உறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

நேற்று காலை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். வார்டன் அறையின் சாவியைக் கையோடு கொடுத்தார்.

நீங்கள் கெட்டவர் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்தால் நான் எழுதியது உறைத்திருக்கும், பதிலுக்குத் திட்டியிருப்பீர்கள். உங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் எழுதிக்காட்டிய அந்த நாளில் உங்கள் கண்ணில் பட்டது ஒரு விரிப்பும் ஒரு மெத்தையும்தான். நின்றவளைக் கடைசிவரை நீங்கள் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நான் பீரோவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், பீரோவும் நீங்கள் செய்ததுதான்.

ஆயுத பூஜைக்கு வரவில்லை. படுக்கையறையைத் தாராளமாகக் காட்டுங்கள், எழுப்பவேண்டிய அவசியம் இல்லை. தங்கவேலுக்கு நானே எழுதிவிட்டேன். லீவில் வந்தால் என்னைப் பார்க்க வருவான். என் துணிமணிகளை வேம்புலி அண்ணி மூட்டை கட்டி அனுப்பினால் போதும். நீங்கள் கொண்டுவர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

அறை எப்படி என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் யோசிப்பீர்கள். சுண்ணாம்புச் சுவர், ஒரு மரக்கட்டில். ஜன்னலில் ஒரு கதவு சாத்துவதில்லை. காட்ட ஒன்றுமில்லை.

நேற்று மாலை முதுகு வலித்துப் படுத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து தலையைக்கூட ஒதுக்கிவிட்டேன். ஒன்பதாவது படிக்கிற பேபி, வெளியிலேயே நின்றுகொண்டு, "டீச்சர், உள்ள வரலாமா?" என்றாள்.

"இப்ப வேண்டாம்மா" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.

நாகவல்லி