திரும்பக் கேட்டால் பிழை

ஜூன் 17, செவ்வாய்
பாமசியில் இன்று முழுக்க நின்றபடியே மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. இடையில் மகள் பர்ஹாவின் வகுப்பு டீச்சர் போனில் கூப்பிட்டார். நாலாம் வகுப்புப் பாடம் பிள்ளைக்கு ஏறவில்லையாம். நுண்ணறிவுச் சோதனை செய்ய வேண்டுமாம், புள்ளி குறைந்தால் அடுத்த தவணை, படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தனியாக வைக்கிற விசேட அலகில் போடுவார்களாம். விசேட அலகு! வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அவள்.

ஜூன் 21, சனி
தெமட்டகொடையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ். சோதிக்கிறவர் மேனுகா மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மாதிரி. என்னை வெளியே இருக்கச் சொன்னார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மகளின் தலைவிதி உள்ளே, உம்மா வெளியே குறட்டை.

ஜூன் 28, சனி
எழுபத்தாறு. சராசரி நூறாம்.

ஜூன் 29, ஞாயிறு
ஷிராஸ் சொல்கிறார், "பொம்புளப் புள்ளதானே ஸமீமா, விடுங்களே." பற்றிக்கொண்டு வந்தது. புருஷனோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பாமசியில் போத்தலுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி என் பிள்ளைக்கு ஒரு எண்ணை ஒட்டிவிட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்
சோறு ஊட்டும்போது கேட்டேன், மிஸ் என்னதான் கேட்டார்?
"பஸ்ஸும் கோச்சியும் எப்பிடி ஒண்டு மாதிரி எண்டு. ரெண்டுலயும் ஏறிப் போகலாம் எண்டேன்."
சரிதானே! பஸ்ஸோ ரயிலோ, ஏறித்தானே போகிறோம்.
"பொறகு மிஸ் 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ' எண்டா. அப்ப பிழைதானே உம்மா. தெரியா எண்டு செல்லிட்டேன்."
நிறையக் கேள்விக்கு அப்படித்தானாம். வகுப்பில் டீச்சர் திரும்பக் கேட்டால் விடை பிழை, எழும்பி நிற்க வேண்டும். யா அல்லாஹ் - நானும் அப்படித்தானே படித்தேன்.

ஜூலை 5, சனி
மேனுகா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். கோபிப்பார் என்று பயம். பர்ஹாவின் விடைத்தாளை எடுத்துப் புரட்டினார்.
"விளக்கம் காணாட்டி திருப்பிக் கேக்கவேணும் எண்டுதான் எங்களுக்கு விதி, ஸமீமா. பிள்ளை அதைப் பிழையெண்டு எடுத்ததை நான் கவனிக்கேல்லை."
அதே சோதனையை உடனே வைக்க முடியாதாம், கேள்விகள் பழகியிருக்குமாம். வேறொன்று வைப்பார். திரும்பவும் லீவு. முதலாளியின் முகத்தை நினைத்தாலே அலுப்பு.

ஜூலை 12, சனி
கதவைச் சாத்துமுன் மிஸ் குனிந்து சொன்னது காதில் விழுந்தது: "நான் திருப்பிக் கேட்டா பிழை எண்டில்லை, குஞ்சு. இன்னும் கேக்க ஆசை எண்டு அர்த்தம்." இன்று தூங்கவில்லை.

ஜூலை 19, சனி
சராசரிதான். அல்ஹம்துலில்லாஹ், சராசரி! முதல் புள்ளியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்கு மிஸ்ஸே அறிவிப்பார். பர்ஹா தன் வகுப்பிலேயே இருப்பாள். பஸ்ஸில் அழுதேன்.

ஜூலை 29, செவ்வாய்
டீச்சர் திரும்பவும் கூப்பிட்டார்.
"உங்கட மகள் வாய் காட்டுறா. நான் திருப்பிக் கேட்டா, 'அதுதான் டீச்சர்' எண்டு அதே விடையையே சொல்லுறா."
"விடை சரியா, டீச்சர்?"
"சரிதான். எண்டாலும்..."
மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். வாதாட நேரமில்லை, கடை நிறைய ஆட்கள்.
வீட்டுக்கு வந்து, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று பர்ஹாவிடம் கேட்டேன். "ஓ உம்மா" என்று தலையாட்டினாள்.
நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.